ஐந்தாவது மரையாணி

இரும்பு உடைவதற்கு முன் ஒரு கணம் இளகுகிறது. ஸ்பேனரை அழுத்திக்கொண்டிருக்கும் கைக்கு மட்டுமே தெரிகிற இளக்கம் அது. அதுவரை முரண்டு பிடித்துக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த போல்ட் சட்டென்று வெண்ணெயாகி, எந்த எதிர்ப்பும் இல்லாமல் திரும்பத் தொடங்கும். பழக்கமில்லாதவர்கள் கழன்றுவிட்டது என்று மகிழ்வார்கள். பழகியவர்கள் அந்த இடத்தில் கையை எடுத்துவிடுவார்கள். எனக்கு மகிழவோ கையை எடுக்கவோ அவகாசம் கிடைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, கோவையில் எங்கள் வீட்டு வாசலில், காரின் முன்பக்க இடச் சக்கரத்தில் இது நடந்தது. டயரில் காற்று இறங்கியிருந்தது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போகலாம் என்று உட்கார்ந்தேன். நான்கு போல்ட்டுகள் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு கழன்றன. ஐந்தாவதன் தலை ஸ்பேனரோடு சேர்ந்து கைக்கு வந்துவிட்டது. தலையோடு ஒரு முழங்கை நீளத்துக்குக் கோபமும் வந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது, மிச்சத் துண்டு ஹப்பின் முகப்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் உள்ளே, பிடிமானத்துக்கு நுனிகூட இல்லாமல், துளைக்குள் பதுங்கியிருந்தது.

எல்லாக் கார்களிலும் இது இவ்வளவு பெரிய விஷயமில்லை. ஜப்பானிய, கொரிய வழிவந்த கார்களில் ஹப்பிலேயே ஸ்டட்டுகள் பதிந்திருக்கும். சக்கரத்தை அவற்றில் தொங்கவிட்டு வெளியே நட்டுகளால் இறுக்குவார்கள். ஸ்டட் உடைந்தால் சுத்தியலால் பின்னால் தட்டித் தள்ளிவிட்டுப் புதியதை இழுத்து உட்காரவைத்துவிடலாம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஃபியட் போன்ற ஐரோப்பிய வழிக் கார்களில் ஸ்டட் கிடையாது. ஹப்பில் மரையிட்ட துளை மட்டும் இருக்கும். போல்ட் சக்கரத்தின் வழியாக நுழைந்து அந்த மரையில் ஏறும். சக்கரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துத் துளைகளை நேர்செய்தபடி மறுகையால் போல்ட்டை நுழைக்க வேண்டிய வித்தையை அந்தக் கார் வைத்திருப்பவர்கள் அறிவார்கள். எங்களுடையது இந்த இரண்டாவது வகை. எம் 14 அளவு, மரைக்கு மரை ஒன்றரை மில்லிமீட்டர், பதினேழாம் நம்பர் தலை. அச்சாணிக்குக் குறள் உண்டு. இதற்கு ஒன்றும் இல்லை.

ஒரு பணிமனைக்குத் தொலைபேசினேன். ஹப்பையும் பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிடுவதுதான் வழக்கம் என்றார்கள். 14,000 ரூபாய், பாகம் வர மூன்று நாள், வண்டியை ஏற்றிச்செல்லும் கட்டணம் தனி. துண்டை மட்டும் எடுக்க முடியாதா என்றேன். "அதெல்லாம் இப்ப யாருங்க பண்றாங்க" என்றார் எதிர்முனையில் பேசியவர். அவர் மீது குறையில்லை. ஒரு மெக்கானிக்கின் அரை நாளை ஒரு துண்டு இரும்புக்குச் செலவிடுவதைவிடப் பாகத்தை மாற்றுவது அவர்களுக்கு லாபம். ஆனால் செவ்வாய்க்கிழமை என் மாமனாரைப் பிசியோதெரபிக்கு அழைத்துப்போயாக வேண்டும். வாரம் இருமுறை அந்தக் காரில்தான் போய்வருகிறார்.

அவர் இந்தப் பேச்சையெல்லாம் வராந்தா நாற்காலியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு ஆண்டுகள் டர்னர். கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் லேத் பட்டறைகள் தெருவுக்கு நான்காய் இருந்த காலத்தில், பம்பு செட்டுக்கும் மில் இயந்திரத்துக்கும் வேண்டிய அச்சுகளைக் கடைந்து தள்ளியவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலக்கையை நடுக்கத்தோடு திருப்பிக் கொடுத்தது. டீ தம்ளரைப் பிடிக்க முடியும், பாதிக்கு மேல் ஊற்றாமலிருந்தால். ஓய்வுபெற்ற பிறகும் வீட்டில் குழாய் திருகுவதிலிருந்து மிக்ஸியின் கப்ளிங் மாற்றுவதுவரை எல்லாம் அவர் கையால்தான் நடந்துகொண்டிருந்தன. கடந்த இரண்டு ஆண்டுகளாக அவற்றுக்கு ஆள் கூப்பிடுகிறோம். ஆள் வந்து வேலை செய்யும்போது அவர் அறைக்குள் போய்விடுவார்.

அன்றைக்குப் போகவில்லை. "அந்தத் தலையைக் கொஞ்சம் கொண்டாங்க மாப்பிள்ளை" என்றார்.

இடக்கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உடைந்த முகத்தை வெயிலுக்குக் காட்டிக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். வட்டத்தின் பெரும்பகுதி சர்க்கரையை உடைத்ததுபோலப் பொடிப்பொடியாக மின்னியது. அது அன்று காலை உடைந்தது. ஆனால் ஓர் ஓரத்தில், மூன்றாம்பிறை வடிவில், பழுப்பாக, துருவேறி, சிப்பியின் மேலிருக்கும் வரிகளைப் போன்ற மெல்லிய கோடுகளோடு ஒரு பகுதி இருந்தது. "இது பழைய வெடிப்புங்க" என்றார். "ரொம்ப நாளா ஓடியிருக்குது."

அந்த வரிகளுக்குப் பெரிய வரலாறு உண்டு. 1842 மே 8 அன்று பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் முன் எஞ்சினில் அச்சு ஒன்று முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. கதவுகள் வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்ததால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலகைக் கடல்வழி சுற்றிவந்த துமோன் துர்வில் குடும்பத்தோடு மாண்டது அந்த விபத்தில்தான். நல்ல இரும்பு, அளவான பாரம், பின் எதற்காக உடைந்தது என்ற கேள்வியை அந்த நூற்றாண்டின் பொறியாளர்கள் பல பத்தாண்டுகள் சுமந்தார்கள். ஜெர்மன் ரயில்வேயில் பணியாற்றிய ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் அச்சுகளை லட்சக்கணக்கான சுற்றுகள் சுழலவிட்டுப் பார்த்து விடை சொன்னார்: ஒருமுறை தாங்கக்கூடிய பாரத்தைவிடக் குறைவான பாரமும், திரும்பத்திரும்ப ஏறி இறங்கினால், உலோகத்தை முறிக்கும். முறிவு ஒரே நாளில் வருவதில்லை. ஓரிடத்தில் மயிரிழைபோல் தொடங்கி, கொஞ்சம் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்கிறது. நின்ற இடங்கள்தான் அந்த வரிகள்.

நான் எண்ணிப்பார்த்தது வேறொன்றை. அந்தப் பிறை வளர்ந்துகொண்டிருந்த மாதங்களில் நாங்கள் இரண்டுமுறை பழனிக்குப் போய்வந்திருந்தோம். பின்னிருக்கையில் பிள்ளைகள் இருவரும் பாட்டி தாத்தாவும்.

மாமாவின் ஊகம் இது: முந்தைய தடவை டயர் மாற்றிய கடையில் ஏர் கன்னால் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். காற்றுத் துப்பாக்கிக்கு இறுக்கம் போதும் என்று தெரியாது, பிடித்திருப்பவன் விரலை எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். அளவோடு இறுக்கிய போல்ட் ஒரு சுருள்வில் போன்றது. மில்லிமீட்டரில் சிறு பின்னம் நீண்டு, திரும்பச் சுருங்க முயன்றபடி சக்கரத்தை ஹப்போடு அழுத்திவைக்கிறது. அளவு மீறினால் நீண்டது நீண்டபடியே நின்றுவிடும். வில் போய்விடும். பிறகு சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் போல்ட் வளைந்து நிமிர்கிறது. வோலரின் இயந்திரத்தில் மாட்டிய அச்சின் கதிதான் அதற்கும்.

காரின் பாரத்தை போல்ட்டுகள் சுமக்கின்றன என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். போல்ட்டுகள் சக்கரத்தையும் ஹப்பையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிக்கின்றன. அந்த முகங்களுக்கிடையிலான உராய்வுதான் பாரத்தையும் பிரேக்கையும் தாங்குகிறது. எங்கள் காருக்குக் குறிக்கப்பட்டிருக்கும் முறுக்கு 120 நியூட்டன் மீட்டர். அந்த முறுக்கில் ஏறக்குறையப் பாதி போல்ட்டின் தலைக்கடியில் உராய்வாகவும், ஐந்தில் இரண்டு பங்கு மரைகளில் உராய்வாகவும் கரைந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. அந்தப் பத்தில் ஒன்றே ஒரு போல்ட்டுக்கு நான்கு டன் சுமாருக்கு வருகிறது என்று அன்று மாலை தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்துக்கும் சேர்த்து இருபது டன். ஒன்றேகால் டன்கூட எடையில்லாத காரின் ஒற்றைச் சக்கரத்துக்கு.

அதே கணக்கில்தான் நம்பிக்கைக்கும் இடமிருந்தது. தலை போனதும் அந்த நான்கு டன் இழுப்பும் போய்விட்டது. துளைக்குள் இருக்கும் துண்டை இறுக்கிப் பிடிப்பது எதுவும் இல்லை. துருவும் மரையின் உராய்வும் மட்டும்தான். முழு போல்ட்டைவிட உடைந்த துண்டு லேசாகத் திரும்பவேண்டும். "செத்த பாம்புங்க அது" என்றார் மாமா. "ஆனா வளைக்குள்ள கெடக்குது."

முதலில் செய்தது வண்டியைப் பத்திரப்படுத்தியது. வெறும் ஜாக்கியை நம்பி இப்படிப்பட்ட வேலையில் இறங்கக் கூடாது. ஹேண்ட் பிரேக், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல், அடிச்சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்ட், கழற்றிய சக்கரத்தையும் படுக்கையாகக் காருக்கடியில் தள்ளிவைத்தோம். எல்லாம் தவறினாலும் வண்டி அதன்மேல்தான் விழும், நம்மேல் அல்ல. பிறகு துண்டின்மேல் துரு இளக்கும் எண்ணெயை முன்னாலும், ஹப்பின் பின்பக்கத்திலும் அடித்து இரவு முழுக்க ஊறவிட்டோம். அந்தத் துளை ஹப்பின் முழுக் கனத்தையும் ஊடுருவிப் பின்னால் திறக்கிறது. கைபேசி வெளிச்சத்தில் பார்த்தால் போல்ட்டின் வால் அங்கே இரண்டு மரை அளவுக்கு நீட்டிக்கொண்டு, மழையும் சேறும் பட்டுத் துருக்கட்டியாக இருந்தது. தீயால் சூடுகாட்டினால் சீக்கிரம் இளகும் என்று பக்கத்துவீட்டுக்காரர் சொன்னார். அரை அங்குலம் தள்ளி பேரிங் கிரீஸும் ஏபிஎஸ் சென்சாரும் இருக்கும் இடத்தில் தீயைக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மாமாவுக்கும் இல்லை.

நான் அதற்குள் ஹார்டுவேர் கடையில் ஈஸி அவுட் ஒரு செட் வாங்கி வந்திருந்தேன். துண்டில் துளை போட்டு, இடப்புரிக் கூம்பான அந்த ஆணியை அதில் திருகினால், திருகத் திருகக் கவ்விக்கொண்டு துண்டையும் இடப்பக்கமாகத் திருப்பிக் கொண்டுவரும். பெயரே சுலபம் என்கிறது. மாமா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்துவிட்டார். ஈஸி அவுட் மிகக் கடினமான எஃகு, கடினமானதெல்லாம் நொறுங்கக்கூடியது. அது துளைக்குள் முறிந்துவிட்டால் சாதாரண டிரில் அதன்மேல் வழுக்கும், கீறல்கூட விழாது. பிறகு ஹப்பைக் கழற்றி ஸ்பார்க் எரோஷன் பட்டறைக்குத் தூக்கிப்போய் மின்பொறியால் அரித்தெடுப்பது ஒன்றே வழி. "ஒண்ணு மாட்டிக்கிட்டா எடுக்கலாங்க. ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கிட்டா எப்புடி எடுக்கிறது?"

துளை போடாமல் எந்த வழியும் இல்லை. அந்தத் துளை துண்டின் நட்டநடுவில் அமையவேண்டும். கொஞ்சம் விலகினாலும் டிரில், போல்ட்டை விட்டுவிட்டு ஹப்பின் மரையைத் தின்னத் தொடங்கும்; போல்ட்டின் எஃகைவிட ஹப்பின் உலோகம் மிருது என்பதால் அந்தப் பக்கம் சரிவதே அதற்கு இயல்பு. மரை போனால் ஹப் போயிற்று, 14,000 ரூபாய் சரியாகிவிடும். உடைந்த முகமோ மேடும் பள்ளமும். கையால் நடுவைப் பிடிக்க முப்பத்தெட்டு வருட அனுபவமுள்ள கை வேண்டும். அது நாற்காலியின் கைப்பிடியில் நடுங்கிக்கொண்டிருந்தது.

அவர் சொன்ன உபாயத்தை இன்றும் வியக்கிறேன். பிரேக் டிஸ்க்கைக் கழற்றவேண்டாம் என்றார். போல்ட்டு நுழைவதற்கு டிஸ்க்கிலும் ஐந்து துளைகள் உண்டு. ஹப்பின் துளைகளுக்கு நேர் மேலே, ஏழு மில்லிமீட்டர் கனத்தில். அந்தத் துளைக்குள் அசையாமல் உட்காரும்படி ஒரு புஷ் கடைந்து, அதன் நடுவில் ஐந்து மில்லிமீட்டர் துளை இட்டுவிட்டால், டிரிலுக்கு விலக வழியே இருக்காது. வெர்னியரை என் கையில் கொடுத்து அளக்கச் சொல்லி, எண்ணை என்னையே இரண்டுமுறை சொல்லவைத்தார். அன்று மாலை ஆவாரம்பாளையத்தில் அவரிடம் தொழில் கற்ற ஒருவரின் லேத்துக்கு ஆட்டோவில் போனோம். "மேஸ்திரி, நீங்க எதுக்கு வந்தீங்க, போன்ல சொன்னாப் போதாதுங்களா" என்று அவர் பதறினார். மாமா பதில் சொல்லவில்லை. லேத்தின் பக்கத்தில் நின்று சுருள்சுருளாக இரும்பு உரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிட வேலை. காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஞாயிறு காலை என் மனைவி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டாள், ஹப் சுழலாமலிருக்க. நான் டிரிலோடு தரையில். மாமா என் இடத்தோள் பக்கமாக பிளாஸ்டிக் நாற்காலியில். முதலில் கூர்உளியைத் துண்டின் விளிம்பில் வைத்து இடப்பக்கமாகத் தட்டிப் பார்த்தோம். இழுப்பு இல்லாத துண்டு சிலசமயம் அப்படியே சுழன்று வந்துவிடும் என்கிறார்கள். எங்களுடையது வரவில்லை.

சக்கர போல்ட்டுகள் பெரும்பாலும் 10.9 தர எஃகு. தலையில் பொறித்திருக்கும் அந்த எண்ணில் பத்து என்பது சதுர மில்லிமீட்டருக்கு ஆயிரம் நியூட்டன் இழுவலிமை, ஒன்பது என்பது அதில் தொண்ணூறு விழுக்காடுவரை நிரந்தரமாக நீளாமல் மீளும் என்பது. இத்தகைய இரும்பில் டிரிலை வேகமாகச் சுழலவிட்டால் துளை விழாது. முனை சூடேறி மழுங்கும். "சுத்தறதைக் குறைங்க மாப்பிள்ளை. அழுத்தறதைக் குறைக்காதீங்க." நான் நேர்மாறாகச் செய்வதற்கே உடல் தூண்டியது. எண்ணெய் விட்டுவிட்டு, ஐந்தாறு விநாடி துளைத்து, எடுத்து, துகளைத் துடைத்து, மறுபடி. அவருக்குத் துளை தெரியவில்லை. என் முதுகு மறைத்துக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தார். "இப்ப தேய்க்குதுங்க, வெட்டலை." அழுத்தினேன். "ஆங், இப்ப வெட்டுது." கண்ணை மூடிக்கொண்டே சொன்னார் என்று மனைவி பிறகு கூறினாள். துகள் வெள்ளியாக வரவேண்டும், நீலமாக வந்தால் நிறுத்தவேண்டும் என்பதை மட்டும் நான் கண்ணால் பார்த்துச் சொன்னேன்.

ஐந்து மில்லிமீட்டர் துளை முழுதும் ஊடுருவ முக்கால் மணி நேரம் ஆயிற்று. நட்டநடு. புஷ்ஷை எடுத்துவிட்டு எட்டு மில்லிமீட்டர் டிரிலை மாட்டினோம். பெரிய டிரில் முன்துளையைப் பற்றிக்கொண்டு சுலபமாகவே இறங்கியது. மாமா மாப்பிள்ளை மரியாதையில் குறை வைக்காதவர். பதினான்கு ஆண்டுகளில் என்னை ஒருமுறைகூட 'ங்க' இல்லாமல் விளித்ததில்லை. நான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் அவர் வேறு அறைக்குப் போய் உட்காருவார். எனவே அடுத்து நடந்தது எங்கள் வீட்டு வரலாற்றில் இடம்பெறத் தக்கது. டிரில் மறுபக்கம் வெளியேறப்போகும் தறுவாயில் அதன் ஓசை சற்றே தாழ்ந்தது. எனக்கு அது கேட்கவில்லை.

"விடுடா! அழுத்தாதடா!"

விட்டேன். ஆனால் முனை கடைசி மெல்லிய தகட்டைக் கிழித்து வெளியேறும்போது கவ்விவிட்டது. டிரில் மெஷின் என் மணிக்கட்டை உலுக்கி நின்றது. அவர் கத்தியிராவிட்டால் உலுக்கலோடு நின்றிருக்காது. ஒருவரும் பேசவில்லை. காருக்குள்ளிருந்து மனைவி எட்டிப்பார்த்தாள். மாமா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ அந்தக் 'டா' காதில் இனித்தது என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். ஆனால் பட்டறையில் பக்கத்தில் நிற்பவனைக் கூப்பிடும் குரல் அது, மாப்பிள்ளையைக் கூப்பிடும் குரலல்ல என்பது எனக்கு அப்போதே புரிந்தது.

விளக்கடித்துப் பார்த்தேன். துண்டு நகர்ந்திருந்தது. ஆனால் தவறான திசையில். டிரில் வலப்பக்கமாகச் சுழல்வது. கவ்விய வேகத்தில் துண்டையும் கால்சுற்று வலப்பக்கம், அதாவது இறுகும் திசையில், திருப்பிவிட்டிருந்தது. இரண்டு நாள் உழைத்து ஆணியை இன்னும் இறுக்கியிருக்கிறோம் என்று சொன்னேன்.

"எறுக்கமா இருக்குதுங்களா?" 'ங்க' திரும்பிவிட்டது.

இல்லை. கொஞ்சம் லேசாகவே இருப்பதுபோலத் தோன்றியது.

"அப்ப அப்படியே போகட்டுமுங்க. பின்வாசல் தொறந்துதானே கெடக்குது."

அந்தக் கணம்வரை அந்தத் துண்டுக்கு வந்த வழி ஒன்றே போகும் வழி என்று எண்ணியிருந்தேன். தலை இருந்தவரை அது உண்மை. தலைதான் அதற்கு மேல் உள்ளே போகாமல் தடுத்தது. இப்போது தலை இல்லை. வால்பக்கத்துத் துருக்கட்டியை மரைக்குள் இழுத்துக்கொண்டு இடப்பக்கம் வருவதைவிட, அதை வெளியே தள்ளிக்கொண்டு, சுத்தமான மரைகளின்மேல் வலப்பக்கம் போவதே துண்டுக்குச் சுலபம். நேற்றிலிருந்து இடப்பக்கம் தட்டியதெல்லாம் துருவை மரைக்குள் ஆப்பாக அடித்த வேலைதான். மாமாவுக்கு இது புதுமையாகவே படவில்லை. பழைய கனரக லாரிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடமரை இருந்தது. சக்கரம் சுழலும் திசையில் நட்டு தானாகக் கழன்றுவிடாமலிருக்க. அமெரிக்காவில் கிரைஸ்லர் கார்களிலும் ஏறத்தாழ 1970வரை அந்த வழக்கம் இருந்தது. தெரியாமல் வழக்கமான திசையில் பலங்கொண்ட மட்டும் திருகி ஸ்டட்டை முறித்தவர்களுக்குக் கணக்கில்லை. எந்தப்பக்கம் திருகுவது என்பதை இரும்பிடம் கேட்டுக்கொள்வது அவருடைய பழக்கம்.

வலப்பக்கம் திருப்ப ஈஸி அவுட் உதவாது. அது இடப்பக்கம் மட்டுமே கவ்வும். மாமா தன் பழைய பெட்டியிலிருந்து ஓர் அரத்தை எடுத்துவரச் சொன்னார். பல் தேய்ந்துபோன அரம். அதன் கைப்பிடிக்குள் போகும் வால் நான்கு பட்டையாகக் கூம்பி இருக்கும். அரத்தின் உடல் கண்ணாடிபோல் கடினம், ஆனால் வாலை மட்டும் கடினமாக்காமல் மிருதுவாகவே விட்டிருப்பார்கள், பிடிக்குள் முறியாமலிருக்க. அந்த வாலை எட்டு மில்லிமீட்டர் துளைக்குள் நான்கு தட்டு தட்டி இறக்கினோம். உடலைக் கிரைண்டரில் இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டிக்கொண்டதால் தட்டையில் ஸ்பேனர் மாட்ட முடிந்தது. பின்னால் துண்டு வெளியேற இடம் வேண்டுமே. பிரேக்கை விடச்சொல்லி, ஹப்பைச் சுற்றி, பின்பக்கம் தடையில்லாத இடத்துக்குத் துளையைக் கொண்டுவந்து, தூசித் தகட்டைச் சற்று வளைத்துவிட்டு, மறுபடி மிதிக்கச் சொன்னோம்.

கால்சுற்று. எண்ணெய். அரைச்சுற்று. ஒருமுறை அடைத்தது, பின்னோக்கி ஒரு நூல் திருப்பி மீண்டும் முன்னே. பத்துச் சுற்றுக்கு மேல் நான் எண்ணவில்லை. துண்டு பின்பக்கத்தில் தூசித் தகட்டின்மேல் விழுந்த ஓசை, அவ்வளவு வேலைக்கும் சேர்த்து, ஒரு பத்துப்பைசா நாணயத்தின் ஓசைதான்.

மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். எம் 14 டாப்பைக் கையால் விட்டு மரையைச் சுத்தம் செய்தோம். வெட்டுவதற்காக அல்ல, துருவைத் துடைக்க. புதிய போல்ட்டுகள் ஐந்தும் வாங்கினோம். உடைந்த ஒன்றைத் தவிர மற்ற நான்கும் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. ஆனால் அதே கையால், அதே துப்பாக்கியால் இறுக்கப்பட்டவை. உள்ளே பிறை வளர்ந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. பணிமனையின் யோசனையை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். துளை நடுவில் அமையாமல் மரை கெட்டிருந்தால் ஹப்பை மாற்றியிருப்போம், அதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை.

டார்க் ரெஞ்ச் ஒன்று இரவல் வாங்கினேன். ஒன்றுவிட்டு ஒன்றாக, நட்சத்திரக் கோலம் போடுவதுபோல் எதிரெதிரே இறுக்கி, 120இல் வைத்து, க்ளிக் என்ற ஓசை கேட்டதும் நிறுத்தவேண்டும். அதற்கு முன்பாகத்தான் கிரீஸ் பிரச்சினை எழுந்தது. மரையில் கிரீஸ் தடவாமல் மாமா வாழ்நாளில் ஒரு போல்ட்டை ஏற்றியதில்லை. கையேடு தடவாதே என்கிறது. காரணம் அதே பத்தில் ஒரு பங்குக் கணக்கு: 120 என்ற எண் உலர்ந்த மரையை வைத்துச் சொன்னது. கிரீஸ் உராய்வைக் குறைத்தால், அதே 120இல் போல்ட்டின் இழுப்பு கணிசமாகக் கூடிவிடும். ஏர் கன் செய்த தீங்கை நாமே நிதானமாகச் செய்ததாகும். தாளில் எழுதிக் காட்டினேன். தாளைப் பார்த்தார். "சரிங்க மாப்பிள்ளை. அடுத்த தடவை துருப்பிடிச்சு மாட்டிக்கிட்டா இந்தத் தாளைக் கொண்டாங்க, அதை வெச்சுத் திருப்பிக்கலாம்" என்றார். கடைசியில் ஹப்பின் நடுவட்ட முகப்பில் மட்டும், சக்கரம் ஒட்டிக்கொள்ளாமலிருக்க, ஒரு விரல் நுனி அளவு தடவிக்கொள்ள உடன்பட்டோம். மரைகள் உலர்ந்தே ஏறின.

செவ்வாயும் வெள்ளியும் பிசியோதெரபிக்குப் போய்வந்தோம். அடுத்த ஞாயிறு உடுமலைப்பேட்டைக்கு. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் இறுக்கத்தை மறுபடி சோதிக்கவேண்டும் என்பதால், பொள்ளாச்சி தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி ரெஞ்சை எடுத்தேன். மாமாவும் இறங்கிக்கொண்டார். முதல் நான்கும் அசையாமல் க்ளிக் என்றன. ஐந்தாவதுக்கு ரெஞ்சின் பிடியை அவர் இடக்கையில் வாங்கிக்கொண்டார். நான் மறுமுனையைத் தலையில் பொருத்திப் பிடித்துக்கொண்டேன். அதுவும் க்ளிக் என்றது. ரெஞ்சைப் பெட்டிக்குள் வைத்தபடி, கொஞ்சம் கிரீஸ் மட்டும் இருந்திருந்தால் என்று தொடங்கினார். பின்னிருக்கையிலிருந்து என் மனைவி "அப்பா!" என்றாள்.